வாஷிங் மெஷின் உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டாருக்குள் நடப்பது என்ன?

வாஷிங் மெஷின் நின்றுபோனால் வீட்டில் முதலில் எழும் பேச்சு “மோட்டார் போயிடுச்சு” என்பதுதான். துணி சுழலாவிட்டாலும் மோட்டார், ட்ரையர் பிழியாவிட்டாலும் மோட்டார், பொத்தானைத் திருப்பியும் சத்தமே வராவிட்டாலும் மோட்டார். பழுது பார்க்க வருபவரும் சில நேரம் அட்டையைக் கழற்றாமலேயே அதை ஆமோதித்துவிடுகிறார். பிறகு ஒன்று பெரிய செலவு, அல்லது “பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்” என்ற முடிவு.

உண்மையில் அந்த மெஷினுக்குள் இருப்பவற்றில் மிக உறுதியான பொருள்களில் ஒன்று மோட்டார். அதற்கு வேலை கொடுக்கும், அதைத் தொடக்கிவைக்கும், அதன் விசையைத் துணிவரை கொண்டுசெல்லும் சின்னச் சின்ன பாகங்கள்தான் பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. அவற்றைக் கவனிக்காமல் விட்டால்தான் மோட்டார் கடைசியில் எரிகிறது. அந்த வரிசை புரிந்துவிட்டால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கும் இரண்டு தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷினைப் பற்றி. பெல்ட் வைத்த பழைய மாடல் டாப் லோடு மெஷின்களுக்கும் அடிப்படை இதேதான். ஃப்ரண்ட் லோடு, இன்வெர்ட்டர் வகைகள் வேறு சாதி. அவற்றுக்குக் கீழே தனியாக இடம் உண்டு.

பின்பக்க அட்டைக்குள் இருப்பவை

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் ஒரு மோட்டார் இல்லை, இரண்டு. துவைக்கும் தொட்டிக்குக் கீழே ஒன்று, ட்ரையருக்குக் கீழே ஒன்று. துவைக்கும் மோட்டார் ஒரு பெல்ட் வழியாகப் பெரிய புல்லியைச் சுற்றுகிறது. அது தொட்டியின் அடியில் தெரியும் தட்டையான சுழலியை, அதாவது பல்சேட்டரை, வலமும் இடமுமாக மாற்றி மாற்றிச் சுற்றுகிறது. ட்ரையர் மோட்டாருக்கு பெல்ட் கிடையாது. கூடையின் தண்டு நேராக மோட்டாரின் தண்டோடு இணைந்திருக்கிறது. ஒரே திசையில் வேகமாகச் சுற்றுவது மட்டும்தான் அதன் வேலை.

இவற்றோடு இரண்டு டைமர்கள், ஒரு கண்டென்சர், ட்ரையர் மூடியோடு சேர்ந்த ஒரு பிரேக். ஏறக்குறைய அவ்வளவுதான்.

மோட்டாருக்குள் இரண்டு பகுதிகள். அசையாமல் நிற்கும் வெளிப்பகுதி ஸ்டேட்டர். கம்பிச் சுருள்கள், நம் ஊரில் சொல்வதுபோல் காயில்கள், இதில்தான் இருக்கின்றன. நடுவில் சுழலும் உருளை ரோட்டர். ரோட்டருக்கு எந்த ஒயரும் போவதில்லை. இரும்புத் தகடுகளுக்குள் வார்த்த அலுமினியக் கம்பிகள் மட்டுமே அதில் உண்டு. ஸ்டேட்டரின் காந்தம் மாறும்போது அந்த அலுமினியத்தில் தானாகவே மின்னோட்டம் உண்டாகி, அதுவும் ஒரு காந்தமாகி, வெளிக் காந்தத்தைப் பின்தொடர்கிறது. தொடாமலே தூண்டி ஓட்டுவதால் இதற்கு இண்டக்‌ஷன் மோட்டார் என்று பெயர். உரசும் கார்பன் கிடையாது, தேயும் மின்தொடர்பு கிடையாது. இது பல வருடம் உழைப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு காயில் மட்டும் ஏன் போதாது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் நிறுத்தினால் போதும் என்றால், அது இந்தப் பகுதிதான்.

காலால் மிதிக்கும் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிபலகை மேலும் கீழும் மட்டுமே ஆடும். அதைக்கொண்டு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சக்கரம் நின்ற நிலையில், வெறும் காலால் மிதித்தால் என்ன ஆகும்? சில நேரம் அசையாது; சில நேரம் தலைகீழாகச் சுற்றி நூலை அறுத்துவிடும். அதனால்தான் தைப்பவர் முதலில் கையால் சக்கரத்தை ஒரு திசையில் சற்றுத் திருப்பிவிடுகிறார். திசை கிடைத்த பிறகு கால் மட்டுமே போதும்.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் மின்சாரமும் அந்த மிதிபலகை போலத்தான். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறுகிறது. ஒரே ஒரு காயிலுக்கு இதைக் கொடுத்தால், அதன் காந்தம் ஒரே கோட்டில் பெருகும், சுருங்கும், எதிர்ப்பக்கம் பெருகும், மறுபடி சுருங்கும். சுழலாது. நின்றிருக்கும் ரோட்டரை அது இரு திசையிலும் சமமாக இழுக்கிறது. எந்தப் பக்கமும் போக முடியாமல் ரோட்டர் நின்ற இடத்திலேயே அதிர்கிறது. மெஷினிலிருந்து வரும் அந்த “உம்ம்ம்” சத்தம் வேறொன்றும் இல்லை. விநாடிக்கு 100 முறை இழுத்து விடும் காந்தத்தின் ஓசைதான்.

ஆகவே உறுமல் கேட்கிறதென்றால் மோட்டார் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. குறைந்தது ஒரு காயிலிலாவது மின்சாரம் ஓடுகிறது, ஆனால் திசை கிடைக்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

திசை கொடுக்கும் கண்டென்சர்

தைப்பவரின் கை செய்யும் வேலையை மோட்டாருக்குள் இரண்டாவது காயிலும் கண்டென்சரும் சேர்ந்து செய்கின்றன. புத்தகங்களில் மின்தேக்கி என்றும் லேபிளில் கெபாசிட்டர் என்றும் இருக்கும். கடையில் கண்டென்சர் என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். மின்னூட்டத்தைச் சற்று நேரம் சேர்த்துவைத்துத் திருப்பித் தரும் பொருள் அது.

முதல் காயிலுக்கு மின்சாரம் நேராகப் போகிறது. அதற்குக் குறுக்கான கோணத்தில் அமைந்த இரண்டாவது காயிலுக்குக் கண்டென்சர் வழியாகப் போகிறது. கண்டென்சர் இருப்பதால் இரண்டாவது காயிலில் மின்னோட்டம் சற்று முன்னதாகவே உச்சத்தைத் தொடுகிறது. அதன் காந்தம் முதலில் எழும், அது தாழும்போது அடுத்தது எழும், அதுவும் தாழும்போது முதலில் எழுந்தது எதிர்ப்பக்கம் எழும். ஒன்றன் பின் ஒன்றாக எழும்போது மொத்தக் காந்தப்புலமும் ஸ்டேட்டருக்குள் வட்டமாகச் சுழலத் தொடங்குகிறது. ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. சற்றே முன்பின்னான இரண்டு மின்னோட்டங்களால் காந்தப்புலத்தைச் சுழலவைக்கலாம் என்பதை இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியாகக் கண்டு 1888-இல் வெளிப்படுத்தினார்கள். நம் வீட்டு ட்ரையர் இன்றும் அந்தக் கொள்கையில்தான் சுற்றுகிறது.

துவைக்கும் மோட்டாரில் இன்னொரு நுட்பம் உண்டு. அது இரண்டு திசையிலும் சுற்ற வேண்டும் அல்லவா? அதனால் அதன் இரண்டு காயில்களும் ஒரே அளவில் சுற்றப்பட்டிருக்கும். டைமர் ஒரு முறை முதல் காயிலுக்கு நேராகவும் இரண்டாவதற்குக் கண்டென்சர் வழியாகவும் மின்சாரம் கொடுக்கும். சில விநாடிகள் நிறுத்தி, அடுத்த முறை அதை மாற்றிக் கொடுக்கும். எது முந்துகிறதோ அதற்கேற்பத் திசை மாறும். ட்ரையர் மோட்டாருக்கு ஒரே திசை போதும் என்பதால் அதன் காயில்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். மீட்டர் வைத்து அளக்கும்போது தேவைப்படும்.

வீட்டுச் சீலிங் ஃபேனும் இதே இனம்தான். கண்டென்சர் செத்த ஃபேனைக் கம்பால் தட்டிவிட்டால் சுற்றத் தொடங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தட்டினாலும் அந்தப் பக்கமே சுற்றும். அங்கே கெட்டிருப்பது மோட்டார் அல்ல. இதைப் பார்த்துவிட்டு மெஷினில் மின்சாரம் இருக்கும்போது பல்சேட்டரையோ ட்ரையர் கூடையையோ கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் வேகமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரு காயில் உறுமத்தான் முடியும், சுற்ற முடியாது. சுற்றுவதற்கு இரண்டு காயில்களும் நல்ல கண்டென்சரும் வேண்டும். மூன்றில் எது போனாலும் உறுமல் ஒன்றுதான், செலவு மட்டும் வேறு வேறு.

உறுமினால் உடனே நிறுத்துங்கள்

ஓடும் மோட்டார் அளவாகவே மின்னோட்டம் எடுக்கும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் அதைவிட மிக அதிகமாக எடுக்கும். சுற்றாததால் உள்ளே காற்றோட்டமும் இல்லை. காயிலின் மேல் பூசிய வார்னிஷ் சூட்டில் இளகிக் கருகும், பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும், கருகிய வாடை வரும். சிறிய கண்டென்சரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை மோட்டாரையே மாற்றும் வேலையாக மாறுவது இப்படித்தான். “கொஞ்ச நேரம் ஓடவிட்டா சரியாயிடும்” என்று டைமரைத் திருப்பிவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் இந்த மெஷினுக்கு நாம் செய்யும் மிகப் பெரிய கெடுதல்.

வோல்டேஜ் குறைவதும் இதே விளைவைத் தரும். இந்த மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180-ஆக இறங்கினால் கால் பங்குக்கும் குறைவாகத்தானே இறங்கியிருக்கிறது என்று தோன்றும். விசையோ ஏறக்குறைய 61 சதவீதமாகச் சரிந்துவிடும். சாயங்காலம் தொட்டி நிறைய ஜீன்ஸும் போர்வையும் போட்டால் உறுமி நிற்கும் மெஷின், காலையில் அதே துணியை ஒழுங்காகத் துவைத்தால், கழற்ற வேண்டியது மெஷினை அல்ல. அளக்க வேண்டியது வீட்டு வோல்டேஜை.

காதால் கேட்டே பாதி தெரிந்துவிடும்

சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. பிளக், டைமர், மூடியின் சுவிட்ச், அறுந்த ஒயர் என்று அந்த வழியில் தேட வேண்டும். பல மெஷின்களின் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். எலி உள்ளே போய் ஒயரைக் கடித்துவைப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். மெஷினை அசைத்தால் எலிப்புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள், அதுவே பாதி விடை.

உறுமல் மட்டும் வந்தால் கண்டென்சர், இரண்டு காயில்களில் ஒன்று, குறைந்த வோல்டேஜ், அல்லது இறுகிப்போன ஏதோ ஒரு பாகம்.

ஒரு பக்கம் மட்டும் சுற்றி, நின்று, மறுபடி அதே பக்கம் சுற்றினால்? இங்கே சற்று யோசியுங்கள். கண்டென்சர் செத்திருந்தால் எந்தத் திசையிலும் தொடங்க முடியாது. ஒரு காயில் அறுந்திருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் இரண்டு திசைக்கும் இரண்டு காயிலும் வேண்டும். ஒரு திசையில் ஒழுங்காகச் சுற்றுகிறதென்றால் மோட்டாரும் கண்டென்சரும் நன்றாகவே இருக்கின்றன. திசை மாற்றிவிடும் டைமரின் தொடர்பில்தான் பழுது, அல்லது டைமரிலிருந்து வரும் ஒரு ஒயரில். இந்த அறிகுறிக்கு யாராவது மோட்டாரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, பல்சேட்டர் மட்டும் நிற்கிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். இல்லையேல் பல்சேட்டரின் நடுத்துளை தேய்ந்திருக்கும். பெல்ட்டின் மேலேயே அதன் எண் அச்சிட்டிருக்கும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

சிறிது நேரம் ஓடி, நின்று, அரைமணி கழித்து மறுபடி ஓடினால் காயிலோடு வைத்துக் கட்டிய சூட்டுக் காப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி சேர்க்கும் பாகம் அது. அதைக் கழற்றி நேராக இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தீப்பிடிப்பதைத் தடுக்க வைத்த காவலை விலக்குவதற்கு அது சமம். சூட்டின் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, தரையைத் துடைத்து, உலர்ந்த இடத்துக்கு மெஷினை நகர்த்துங்கள். மெஷினைத் தொட்டால் ஏற்கெனவே ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம். எர்த் இணைப்பையும் மோட்டாரையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கண்டென்சரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். கண்டென்சரின் முனைகளில் அதற்கு மேலும் ஏறலாம். எல்லாம் நன்றாக இருந்தால் அது மோட்டாரின் காயில்கள் வழியாகத் தானே வடிந்துவிடும். காயிலோ ஒயரோ அறுந்திருந்தால் வடிய வழி இல்லை. அதாவது பழுதான மெஷினில்தான் ஆபத்து அதிகம். ஸ்க்ரூ டிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்கவிடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அது கண்ணுக்கும் கைக்கும் கண்டென்சருக்கும் கெடுதல். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயர்களையும் கண்டென்சரின் முனைகளில் சில விநாடிகள் தொடவைத்தால் அமைதியாக வடிந்துவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஒயர்களின் காப்புறையை மட்டும் பிடியுங்கள். பிறகு மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, மின்னூட்டம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த ஒயரையும் கழற்றுமுன் செல்போனில் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்துவிடுங்கள். நிறத்தை நம்பி நினைவில் வைப்பது பயன்படாது. ஒரே நிற ஒயர் வேறு மெஷினில் வேறு வேலை செய்யும்.

முதலில் கை, அப்புறம் மீட்டர்

பிளக் இல்லாத நிலையில் பல்சேட்டரைக் கையால் சுற்றுங்கள். பெல்ட்டின் இழுப்பு தெரியும், ஆனால் சுற்ற வேண்டும். கல்போல் நின்றால் நடு ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே தூக்கிப் பாருங்கள். அடியில் நாணயம், ஹேர்பின், பட்டன், நூல்கற்றை எல்லாம் சிக்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்ததோடு “மோட்டார் பழுது” தீர்ந்த வீடுகள் நிறைய.

ட்ரையரில் இன்னும் பொறுமை வேண்டும். அதன் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையோ குழந்தையின் சாக்ஸோ நழுவி, அடியில் தண்டைச் சுற்றிக்கொள்ளும். அடுத்தது பிரேக். ட்ரையர் மூடியைத் திறந்ததும் கூடை நிற்கிறதே, மூடியோடு இணைந்த ஒரு கம்பி பிரேக்கைச் சேர்ப்பதால்தான் அது நிற்கிறது. மூடியபோது அந்தக் கம்பி பிரேக்கை முழுக்க விலக்க வேண்டும். கம்பி தளர்ந்துபோனால் மூடிய பிறகும் பிரேக் பாதி பிடித்தபடியே இருக்கும். மோட்டார் உறுமும், மெதுவாகச் சுற்றும், சூடாகும். மூடியை மூடிவைத்து, பின்பக்கமாகக் கைவிட்டுத் தண்டைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பியைச் சற்று இறுக்கிக் கட்டுவது சில நிமிட வேலை.

மூன்றாவது, தண்ணீர்க் கசிவு. கூடையின் தண்டு தொட்டியின் அடியைத் துளைத்து இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது கிழிந்தால் சோப்புத் தண்ணீர் தண்டு வழியாக நேரே கீழே இருக்கும் மோட்டாரின் தலையில் சொட்டும். மோட்டாரின் மேல் வெள்ளைத் தடமும் துருவும் தெரிந்தால் காரணம் இதுவே. தண்டைத் தாங்கும் புஷ் துருவேறி இறுகும். பிறகு காயிலுக்குள்ளும் ஈரம் போகும். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் அதே வழியில் போகும். ட்ரையர் மோட்டாரை மாற்றும் எவரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “சீல் மாத்தினீங்களா?”

கையால் தாராளமாகச் சுற்றுகிறது, இருந்தும் உறுமுகிறது என்றால் இப்போது மீட்டருக்கு வரலாம்.

கண்டென்சரை அளப்பது

கண்டென்சரின் மேல் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று அதன் கொள்ளளவு, மைக்ரோஃபாரட் என்ற அலகில், கடைப்பேச்சில் எம்.எஃப்.டி. மற்றொன்று அது தாங்கும் வோல்டேஜ், பெரும்பாலும் 440. செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் 10+5 என்பதுபோல் இரண்டு கொள்ளளவு எழுதிய ஒரே டப்பா இருப்பதுண்டு. துவைக்கும் மோட்டாருக்குப் பெரியது, ட்ரையருக்குச் சிறியது. அதில் மூன்று ஒயர்கள். ஒன்று இரண்டுக்கும் பொது.

ஒயரைக் கழற்றிவிட்டு, கொள்ளளவு அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் அளங்கள். 10 என்று போட்டு, கூட 5 சதவீதம் ஏற்ற இறக்கம் என்று அச்சிட்டிருந்தால் 9.5-க்கும் 10.5-க்கும் நடுவே காட்ட வேண்டும். 7 அல்லது 6 காட்டினால் அது தேய்ந்துவிட்டது. வெளியே உப்பியோ வெடித்தோ இருந்தால் அளக்கவே தேவையில்லை. ஆனால் பார்க்கப் புதிதுபோல் இருப்பதும் தேய்ந்திருக்கலாம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு இருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும்போது படலத்தில் நுண்ணிய துளைகள் விழும். துளையைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி அந்த இடம் தானே அடைபடும். அப்படி ஒவ்வொரு முறையும் துளித் துளியாகக் கொள்ளளவு குறைகிறது. முதலில் வெறும் தொட்டியில் சுற்றும், துணி போட்டால் திணறும். பிறகு வெறுமனேகூடச் சுற்றாது. “கொஞ்ச நாளாவே வலு இல்லாம சுத்துது” என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான்.

புதிது வாங்கும்போது மைக்ரோஃபாரட் எண் அப்படியே இருக்க வேண்டும். வோல்டேஜ் எண் அதே அளவாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. “பெருசா போட்டா இன்னும் வலுவா சுத்தும்” என்பது தவறான நம்பிக்கை. பெரிய கண்டென்சர் இரண்டாவது காயிலில் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தள்ளி, அதைச் சூடாக்கிக் கெடுக்கும். ஃபேனுக்கு வைத்திருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் இங்கே உதவாது.

காயிலை அளப்பது

கண்டென்சர் நன்றாக இருந்தால் அடுத்தது காயில். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள் வரும். இரண்டு காயில்களும் ஒரு முனையில் சேரும் இடத்திலிருந்து ஒன்று, அது பொது. மற்ற இரண்டும் இரு காயில்களின் மறுமுனைகள். ஒயர்களை இணைப்பிலிருந்து பிரித்துவிட்டு மீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

துவைக்கும் மோட்டாரில் இரண்டு அளவுகள் ஏறக்குறைய சமமாகவும், மூன்றாவது அவற்றின் கூட்டலாகவும் வர வேண்டும். எடுத்துக்காட்டாக 30, 30, 60. எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். இந்த உறவுதான் முக்கியம். கூட்டல் அளவு காட்டிய ஜோடியில் இல்லாத ஒயர்தான் பொது. ட்ரையர் மோட்டாரில் முதல் இரண்டும் சமமாக இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கூட்டல் சரியாக வந்தால் போதும்.

துவைக்கும் மோட்டாரில் 30, 18, 48 என்று வந்தால் ஒரு காயிலின் சுற்றுகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒரு ஜோடி மட்டும் அளவு காட்டி, மற்ற இரண்டில் திரையில் எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. எண் காட்டும் அந்த ஜோடியின் அளவு 60 என்றால், இரண்டு காயில்களும் நலம், பொது ஒயரின் வழிதான் அறுந்திருக்கிறது. பல மோட்டார்களில் சூட்டு ஃப்யூஸ், அதாவது ஒரு முறை அறுந்தால் மறுபடி சேராத சூட்டுக் காப்பு, அந்தப் பொது வழியில்தான் இருக்கும். அளவு 30 என்றால் ஒரு காயில் மட்டும் நலம், மற்றது அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால் அதே சூட்டளவுள்ள புதியதை வைத்துக் கட்டித் தர காயில் கட்டுபவரால் முடியும்.

கடைசியாக, ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவே அளங்கள். பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இங்கே எந்த எண்ணும் வரவே கூடாது. வந்தால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது. வீட்டில் கசிவு தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பொருத்தியிருந்தால் மெஷினைப் போட்டதும் அது விழுவதற்கும் இந்தக் கசிவே காரணமாக இருக்கும். சாதாரண மீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 230 வோல்ட்டில் மட்டும் வெளிப்படும் கசிவைக் காண மெக்கர் என்ற கருவி வேண்டும். அது எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

சுருக்கமாக: மூன்று அளவுகளின் உறவு சரியாக இருந்து, உடலுக்குக் கசிவும் இல்லை என்றால் மோட்டார் நலம். வேறெங்காவது தேடுங்கள்.

காயில் எரிந்தது உறுதியானால்

இனி வீட்டு வேலை இல்லை. காயில் கட்டுவதற்கு ஸ்டேட்டரின் பழைய கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வார்னிஷ், சூளையில் உலர்த்துவது என்று தனிக் கைத்திறன் வேண்டும். இந்தச் சிறு மோட்டார்களில் அலுமினியக் கம்பியும் உண்டு, செம்பும் உண்டு. செம்பில் மறுபடி கட்டித் தரும் நல்ல கைகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. புது மோட்டாரின் விலையையும் காயில் கட்டும் கூலியையும் இரண்டு இடத்திலாவது கேட்டுப் பாருங்கள். இரண்டும் நெருக்கமாக வந்தால், பிடித்துவைக்கும் ஸ்க்ரூ இடைவெளியும் தண்டின் நீளமும் பொருந்தும் புது மோட்டாரே மேல். எதைச் செய்தாலும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய மோட்டார் எரிந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

ஃப்ரண்ட் லோடு, இன்வெர்ட்டர் மெஷின்கள்

மேலே சொன்ன கண்டென்சர் பாடம் இவற்றுக்குப் பொருந்தாது. பழைய ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் பலவற்றில் இருப்பது மிக்ஸியில் உள்ள வகை மோட்டார். ரோட்டருக்கும் மின்சாரம் போகும், கார்பன் பிரஷ்கள் உரசித் தேயும். டிரம் விட்டு விட்டுச் சுற்றுவதும் பொறி வாடையும் அதன் அறிகுறி. பிரஷ் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்வெர்ட்டர் மெஷினில் மோட்டாரை ஓட்டுவது ஒரு மின்னணு போர்டு. பழுது பெரும்பாலும் போர்டில், இணைப்பில், அல்லது சுழற்சியை உணரும் சென்சாரில் இருக்கும். அந்த போர்டில் உயர் வோல்டேஜ் தேங்கியிருப்பதால் பயிற்சி இல்லாமல் கைவைக்க வேண்டாம். திரையில் வரும் பிழை எண்ணைக் குறித்துவைத்துச் சொன்னால் வருபவருக்கு நேரம் மிச்சமாகும்.

மாட்டிய பிறகு

எடுத்த படங்களோடு ஒப்பிட்டு ஒயர்களை மாட்டுங்கள். மூட்டுகளைத் தண்ணீர் படாத உயரத்தில், அவற்றுக்கு வரும் ஒயர் கீழ்நோக்கி வளைந்து மேலேறும்படி கட்டுங்கள்; அப்போதுதான் சொட்டும் நீர் ஒயர் வழியாக மூட்டுக்குள் இறங்காது. பின் அட்டையை மூடிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். முதலில் தண்ணீரும் துணியும் இல்லாமல் சில நிமிடம்: பல்சேட்டர் இரு திசையிலும் உறுமாமல் தொடங்குகிறதா, ட்ரையர் மூடியைத் திறந்ததும் சட்டென்று நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீர், பிறகு கால்வாசித் துணி. ஒரு முழுச் சுற்று முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடும் வார்னிஷ் வாடையும் இருந்தால் மறுபடி போடாதீர்கள். பிரேக்கையும் தண்டையும் இன்னொரு முறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று ஜோடிகளையும் சூடு ஆறுமுன் மீண்டும் அளங்கள். ஆறிய காயில் மறைக்கும் பழுதைச் சூடான காயில் சில நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.